தொடாத சமாதானம்

(தலித் கிறித்தவ மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்றாடக் கிறித்தவ வாழ்வில் சமாதானமும் உண்மையும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி சேர்ந்தே வரும் என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். சேரியில் பிறந்தவனுக்கு அவை சேர்ந்து கிடைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் சமாதானம் போய்விடும். சமாதானமா இருக்கணும்னா உண்மையை முழுங்கணும்.

பூசையில் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்கிறோம்? திரும்பி நின்று கும்பிடுகிறோம். 1969இல் வழிபாட்டை இந்தியமயமாக்க 12 மாற்றங்களுக்கு ரோமாபுரி அனுமதி தந்தது. அதில் சமாதானம் கொடுக்க இரண்டு வழி உண்டு. கைகூப்பலாம். அல்லது என் கைகளை உங்கள் கைகளுக்குள் வைக்கலாம். ஒன்று தொடாமல், இன்னொன்று தொட்டு. எங்க ஊர்க் கோயிலுக்குத் தொடாத வழி மட்டும்தான் வந்து சேர்ந்தது. கும்பிடுறது நம்ம பண்பாடுன்னு சொல்வாங்க. யாரு பண்பாடு?

எங்க ஊரில் திருவிழாத் தேர் எங்க தெருவுக்கு வராது. வரியும் எங்ககிட்ட வாங்க மாட்டாங்க. வரி வாங்கினா உரிமை கொடுக்கணுமே! ஒரு வருசம் எங்க தெருப் பெரியவங்க போய் நியாயம் கேட்டாங்க. "திருவிழா நேரத்துல சமாதானத்தைக் கெடுக்காதீங்கப்பா" என்றார் சாமியார். தேர் வராத தெரு சமாதானமாம். ஏன் வரலைன்னு கேட்டா கலகமாம். சமாதானமே இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லித் திரிந்தவர்களை எரேமியா திட்டினார். அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

இது ஓர் ஊர்க் கதையல்ல. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடித்த கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1910இல் அந்தத் தடுப்பை இடித்தபோது வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருப்பதைக் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

இனி அரசாங்கத்தின் பொய்யைப் பார்ப்போம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும், 2022இல், பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணியில சாதி கரைஞ்சு போச்சுன்னு அரசாங்கம் சொல்லுது. அந்தத் தண்ணி தொட்டியிலேயே சாதி மிதக்குறது நமக்குத் தெரியும்.

எங்க வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கய்யா 'கிறித்தவ ஆதிதிராவிடர்' என்று எழுதினார். நான் பிற்படுத்தப்பட்டவன் ஆனேன். எங்க சித்தப்பா தன் மகனுக்கு 'இந்து' என்று எழுதினார். அவன் பட்டியல் சாதி ஆனான். ஒரே தாத்தா, ஒரே தெரு, ஒரே சாதிப் பேரைச் சொல்லித்தான் ரெண்டு பேரையும் திட்டினாங்க. அவன் இன்று கோயிலுக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அன்று இரவு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, நான் பொய்யனா?" என்றான்.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நீ பொய்யன் இல்லடா. கோயிலுக்குள் உன்னைப் பறையனாகவே வைத்துக்கொண்டு, வெளியே கிறித்தவத்தில் சாதி இல்லை என்றவர்கள் முதல் பொய்யர்கள். அதை நம்புவதுபோல் நடிக்கும் அரசாங்கம் இரண்டாவது. ரெண்டு பெரிய பொய்க்கு நடுவுல மாட்டிக்கிட்டு, வயித்துக்காக ஒரு சின்னப் பொய் சொன்னவன் நீ.

போன மாசம் என் மகளுக்குப் பள்ளிக்கூட பாரம் நிரப்பினேன். 'மதம்' என்ற இடத்தில் பேனா நின்றது. கவிதை எழுதும்போதுகூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. கடைசியில் உள்ளதைத்தான் எழுதினேன். அதன் விலையை நாளைக்கு அவள் கொடுக்கணும். உண்மையைச் சொன்ன பெருமை எனக்கு, நட்டம் பிள்ளைக்கு. இது என்ன நியாயம்? அதனால்தான் மூன்றாம் பத்தியை எதிர்ப்பது சலுகைப் பிரச்சினை மட்டுமல்ல, வாய்விட்டு உண்மை பேசும் உரிமைக்கான போராட்டம் என்கிறேன்.

தெருவில் அந்தப் போராட்டம் நடக்கட்டும். கோயிலுக்குள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்று செய்யலாம். சமாதானம் சொல்லும் நேரத்தில் கும்பிடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர் முன்னால் கையை நீட்டுங்கள். அவர் தொடுகிறாரா, பின்வாங்குகிறாரா என்று பாருங்கள். அதுதான் அந்தக் கோயிலின் உண்மை. சமாதானத்தை அதுக்குப் பிறகு பேசிக்கலாம்.