கேப்பை மாற்றினால் கணக்கையும் மாற்று



திருத்தணியில் எங்கள் தெருவில் ஒரு நாயனக்காரர் இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் திண்ணையில் உட்கார்ந்து, நாயனத்தில் நூலில் தொங்கும் சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் நனைத்து ஊதிப் பார்ப்பார். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "பார்க்கத்தான்டா ஒரே மாதிரி. சீவாளியை மாத்தினா சுருதியைத் திரும்பப் பார்க்கணும்" என்றார்.

பல வருஷம் கழித்து, அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, ரிவால்வர் தோட்டாவைக் கையால் நிரப்பும் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுட்ட பித்தளைக் கூட்டிலிருந்து பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்துவது, மருந்தை அளந்து போடுவது, ஈயக் குண்டை அழுத்தி உட்கார வைப்பது எல்லாம் இந்த வேலையின் படிகள்தான். இன்றைக்கு அந்தக் கேப்பைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். தீபாவளிக்குச் சுருள் கேப் வெடித்த கைகளுக்கு அதன் குணம் தெரியும். தட்டினால் பொறி. தோட்டாவிலும் அதே வேலைதான். அந்தப் பொறி கூட்டின் அடியில் உள்ள துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கிறது.

2020-இல் கொரோனா காலத்தில் அமெரிக்கக் கடைகளில் கேப் கிடைக்காமல் போயிற்று. "எது கிடைத்தாலும் போடு, எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு பேச்சு அப்போது கிளம்பியது. தட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. எல்லாம் ஒன்றல்ல. திரும்பவும் சொல்கிறேன், எல்லாம் ஒன்றல்ல.

கைத்துப்பாக்கிக்கான சிறிய கேப்பும், ரைஃபிளுக்கான சிறிய கேப்பும் குறுக்களவில் ஒன்றுதான். இரண்டும் சுமார் நாலரை மில்லிமீட்டர். ஆனால் ரைஃபிள் கேப்பின் உலோகம் தடிப்பு. அதை வெடிக்க வைக்க ஓங்கி அடிக்க வேண்டும். பெரிய கேப்பில் இன்னொரு வம்பு. ரைஃபிளுக்கானது உயரத்தில் சுமார் 0.2 மில்லிமீட்டர் கூடுதல். கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் தலை வெளியே நீட்டும். சிலிண்டர் சுழலும்போது பின்தகட்டில் உரசும். மேக்னம் கேப் என்பது சூடு கூடிய வகை. எளிதில் தீப்பிடிக்காத சில உருண்டை மருந்துகளுக்கு அது தேவை. சாதாரணக் கேப்புக்கு அளந்த உச்ச அளவு மருந்தின் அடியில் அதைப் போட்டால், உள்ளே அழுத்தம் எல்லை மீறலாம்.

இங்கே எனக்குப் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. லூசியானாவைச் சேர்ந்த ஜெர்ரி மிக்குலெக். 1999-இல் ரிவால்வரில் ஆறு குண்டு சுட்டு, காலிக் கூடுகளைக் கொட்டி, மறுபடி ஆறு நிரப்பி, அந்த ஆறையும் சுட்டார். எல்லாம் சேர்த்து 2.99 நொடி. மூன்று நொடிகூட இல்லை. அதே வருஷம் எட்டுக் குண்டு ரிவால்வரில் எட்டையும் ஒரே நொடியில் சுட்டார். பதிவைப் பார்த்தால் விரல் அசைவதே தெரியாது. சத்தம் மட்டும் தவில் உருட்டுச் சொல் மாதிரி கேட்கும். நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

எத்தனையோ பேர் அவருடைய வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, பன்னிரண்டு கேப்பில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்பதுதான். ரிவால்வரில் குதிரையைப் பின்னுக்கு இழுப்பதும் உங்கள் விரல்தான், விடுவிப்பதும் அதே விரல்தான். விசை இலகுவாக வேண்டுமென்று ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், குதிரையின் அடியும் தளரும். அந்தத் தளர்ந்த அடிக்கும் வெடிக்கிற கேப் வேண்டும். ரிவால்வர் போட்டிக்காரர்கள் பலர் ஃபெடரல் கேப்பைத் தேடித்தேடி வாங்குவது இதற்காகத்தான். சீக்கிரம் வெடிப்பதாலேயே அதற்குக் கவனமும் அதிகம். அந்தக் கேப்புகளைப் பெரிய அட்டைப் பெட்டியில் இடைவெளி விட்டு அடுக்கித்தான் விற்கிறார்கள். துப்பாக்கியின் ஸ்பிரிங்கும் கேப்பும் ஒரு ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் பார்த்தாக வேண்டும்.

பார்க்காமல் விட்டவன் நான். அந்தத் தட்டுப்பாட்டில் நண்பர் கொடுத்த வேறொரு கேப்பைப் போட்டுக்கொண்டு உள்ளூர்ப் போட்டிக்குப் போனேன். ஸ்பிரிங் பழையபடி தளர்ந்தே இருந்தது. முதல் ஆறில் இரண்டு, "டிக்" என்ற சத்தத்தோடு நின்றுவிட்டன. குழாயை இலக்கை நோக்கியே பிடித்தபடி முப்பது நொடி அசையாமல் நின்றேன். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு, அதனால் காத்திருந்தே ஆக வேண்டும். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தால், கேப்பின் நடுவில் நகம் பட்டதுபோல ஒரு மெல்லிய பள்ளம். அவ்வளவுதான். அந்த முப்பது நொடியில் தாத்தாவின் சீவாளி நினைவுக்கு வந்தது.

அதனால் சொல்கிறேன். கேப்பை மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. சாதாரணத்துக்குப் பதில் மேக்னம், ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்று, கையேடு இடம் கொடுத்தால் மாற்றலாம். ஆனால் மாற்றினால் கணக்கையும் மாற்று. கையேட்டில் அந்தக் கேப்புக்கு அச்சிட்ட தொடக்க அளவுக்குத் திரும்பு. அங்கிருந்து படிப்படியாக ஏறு. எங்கள் திருத்தணி மலைக்கு 365 படி. பாதியில் தொடங்கியவன் படியேறினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கேப்பைப் பொருத்தியதும் ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல்நுனியால் தடவிப் பார். கூட்டின் அடியைவிட மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். விரலில் மேடு தட்டினால் அதைத் தனியே ஒதுக்கு.

அந்தப் போட்டிக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தோட்டா நிரப்பிய ஒவ்வொரு பெட்டியின் மேலும் சீட்டு ஒட்டுவேன். மற்றவர்கள் மருந்தின் பெயரை முதலில் எழுதுவார்கள். என் சீட்டில் முதல் வரி கேப்பின் பெயர். மருந்தும் குண்டும் அதற்குக் கீழே. அந்த முதல் வரி மாறினால், கீழே உள்ள எல்லா வரிகளையும் அடித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுதுவேன்.