பாலை வானில் ஒரு கொடை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நண்பகலும் வேனிலும் பாலைக்குரிய பொழுதுகள் என்று வகுத்தது தொல்காப்பியம். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று விளக்கிற்று சிலப்பதிகாரம். ஆகவே பாலையைக் காண விழையும் தமிழன் இராஜஸ்தானத்திற்குப் போக வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நண்பகலில் ஒரு நாழிகை நின்றால் போதும். வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். கடலைச் செடி பிடுங்கிய கொல்லையில் புழுதியை அள்ளிக்கொண்டு சூறைக்காற்று சுழன்று எழும். மேற்கே அண்ணாமலையின் உச்சி வெயில் மூட்டத்தில் மங்கித் தெரியும். தார்ச்சாலையில் கானல் நீர் ஓடும்.

இந்தப் பொழுதில்தான் நம் முன்னோர் தலைவனைச் சுரத்தின்வழி நடக்கவிட்டார்கள். ஆயினும் அவர்கள் பாலையை வறட்சிக்காக மட்டும் பாடவில்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோ கலித்தொகையில் காட்டும் காடு நினைவுகூரத்தக்கது. கலங்கிக் கிடக்கும் சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பிறகே களிறு உண்கிறது. வெயிலில் வாடும் பேடையைப் புறா தன் சிறகால் விசிறுகிறது. நிழலே இல்லாத இடத்தில் கலைமான் தன் உடலின் நிழலைப் பிணைக்குக் கொடுத்து நிற்கிறது. எதுவும் மிஞ்சாத நிலத்தில் கொடுப்பது எவ்வாறு என்பதே அப்பாட்டின் பொருள். அதே பொருளை இருபதாம் நூற்றாண்டின் பாலைப் பயணம் ஒன்று மீண்டும் சொல்லிற்று. அப்பயணம் வானில் நடந்தது.

1929 நவம்பரில் ஆகா கான் ஒரு பரிசை அறிவித்தார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ தன்னந்தனியாக விமானம் ஓட்டி, குறித்த காலத்திற்குள் சென்று சேரும் முதல் இந்தியருக்கு 500 பவுன். மூவர் முன்வந்தனர். ஒருவர் மன்மோகன் சிங். மற்றொருவர் ஆஸ்பி எஞ்சினியர், வயது 17. அவர் 1930 மார்ச் மாதம் ஆர்.என். சாவ்லாவுடன் கராச்சியிலிருந்து இலண்டனுக்குப் பறந்து சென்றவர். இருவர் சேர்ந்து சென்றமையால் அப்பயணம் பரிசுக்கு உரியதாகவில்லை. மூன்றாமவர் ஜே.ஆர்.டி. டாட்டா, வயது 25. இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் இந்தியர். 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் அவ்வுரிமம் அவர் கைக்கு வந்தது. ஆஸ்பி 1930 ஏப்ரல் இறுதியில் இலண்டனை அடுத்த குராய்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். டாட்டா மே 3-இல் கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆக, போட்டியாளர் இருவரும் எதிரெதிராகப் பறந்தனர்.

இருவரும் ஓட்டியது ஜிப்சி மாத் என்னும் சிறு விமானம். மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்த இரட்டை அடுக்கு இறக்கை, நான்கு சிலிண்டர், ஏறத்தாழ நூறு குதிரைத் திறன். மேலே கூரையில்லாத இருக்கை. வெயிலும் மணலும் முகத்தில் நேரே மோதும். வானொலித் தொடர்பு கிடையாது. வரைபடம், திசைகாட்டி, கடிகாரம் ஆகிய மூன்றே துணை. பாரசீகக் கடற்கரை, ஈராக், சிரியப் பாலை, எகிப்து என்று வழியின் பெரும்பகுதி வறண்ட நிலம். காலமோ மே மாதம்.

வெப்பம் விமானத்தை என்ன செய்யும் என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். சூடேறிய காற்று விரிந்து மெலியும். 15 பாகை செல்சியஸில் உள்ள காற்றை விட 45 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. இறக்கையைத் தாங்குவதும் அக்காற்றே. விசிறி பற்றி இழுப்பதும் அதுவே. எஞ்சின் உள்ளிழுத்து எரிப்பதும் அதுவே. மூன்றும் ஒரே நேரத்தில் நலிகின்றன. கடல் மட்டத்தில் நிற்கும் விமானம் ஏறத்தாழ 3,500 அடி உயர மலைமேல் நிற்பது போலாகிவிடும். தரையில் நெடுந்தூரம் ஓடினால்தான் எழும்பும். எழும்பிய பின்னும் மெல்லத்தான் உயரும். நிறைய எரிபொருள் ஏற்றினால் எழும்ப முடியாது. குறைத்து ஏற்றினால் அடுத்த தளம் எட்டாது. பாலைவன விமானியின் முதற்கணக்கு இதுதான்.

அடுத்தது ஆட்டம். கொல்லையில் புழுதியைச் சுழற்றும் அதே சூறைக்காற்று மேலே பல்லாயிரம் அடி உயரத்திற்குத் தூணாக எழுகிறது. பருந்து இறகசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது அத்தகைய தூணில்தான். பருந்துக்கு அது படிக்கட்டு. சிறு விமானத்திற்கு அது பள்ளமும் மேடுமான மாட்டுவண்டிப் பாதை. தூண் எழும் இடத்தில் விமானம் தூக்கி எறியப்படும். அதை அடுத்துக் காற்று இறங்கும் இடத்தில் கீழே இழுக்கப்படும். அதனால் அனுபவமுடைய விமானி விடியுமுன்பே புறப்பட்டு, வெயில் முற்றுமுன் இறங்கிவிடப் பார்ப்பான். தலைவன் நடந்த நண்பகல் இவனுக்கு விலக்கப்பட்ட பொழுது.

மூன்றாவது இடர் வழி தப்புதல். புழுதி மூட்டத்தில் அடிவானம் மறையும்; அடையாளம் சொல்ல ஆறோ ஊரோ இராது. திசையில் ஒரு பாகை பிசகினால் அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகல் என்பது விமானிகளின் வாய்பாடு. ஐந்து பாகை பிசகி 240 மைல் போனால் சேர வேண்டிய இடம் 20 மைல் அப்பால் நிற்கும். பாலையில் அந்த இருபது மைல் உயிருக்கு உலை.

இவ்விடத்தில் கவிஞர்கள் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. 1921-இல் கெய்ரோவுக்கும் பாக்தாதுக்கும் இடையே பிரிட்டிஷ் விமானப்படை தபால் போக்குவரத்தைத் தொடங்கியபோது, வழி தப்பும் இடரை நீக்க ஒரு வழி கண்டார்கள். பாலை நெடுகிலும் மோட்டார் வண்டிகளை ஓட்டிச் சக்கரத் தடம் பதித்தார்கள். தடம் தங்காத இடங்களில் டிராக்டரில் கலப்பை பூட்டி மண்ணில் சால் பிடித்தார்கள். இடையிடையே எழுத்தும் எண்ணும் இட்ட இறங்குதளங்களை அமைத்தார்கள். விமானி குனிந்து பார்த்து அந்தச் சாலைப் பற்றிக்கொண்டே பறந்தான். விதைப்பதற்காக அன்றி, படிப்பதற்காக உழுத உழவு அது. இதில் வேறொரு பொருத்தமும் காணலாம். ஆங்கிலத்தில் கவிதையைக் குறிக்கும் 'வெர்ஸ்' என்னும் சொல் 'வெர்சுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏர் திரும்பும் திருப்பம், உழவுச்சால், எழுத்தின் வரி ஆகிய மூன்று பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. உழவர் நிறைந்த கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் கவிஞருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. முன்னே சென்றவன் பிடித்த சால் பின்னே வருபவனுக்கு வழி. அந்தப் பாலையில் உழுதவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சாலோ பல உயிரைக் கரை சேர்த்தது.

இனிப் போட்டிக்கு வருவோம். எகிப்தில் அலெக்சாண்டிரியாவை அடுத்த அபூகீர் விமானத்தளத்தில் டாட்டா இறங்கினார். அங்கே மற்றொரு ஜிப்சி மாத் நின்றுகொண்டிருந்தது. அது ஆஸ்பியுடையது. அவர் ஏன் பறக்காமல் நிற்கிறார் என்று கேட்டபோது காரணம் தெரிந்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் பழுதுபட்டுவிட்டன. மாற்றுவதற்குக் கையிருப்பு இல்லை. வந்து சேரும் வரை காத்திருக்கிறார். கடைத்தெருவில் மொபெட்டைப் பழுதுபார்க்கும் பையனுக்கும் தெரிந்த பொருள் பிளக். விரல் நீளப் பொருள்தான். அது பொறி கக்காவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு.

டாட்டாவிடம் உபரிப் பிளக்குகள் இருந்தன. அவர் பேசாமல் இருந்திருந்தால் எந்த விதியும் அவரைக் குறை சொல்லியிராது. போட்டியாளன் நிற்க நிற்கத் தன் வெற்றி நெருங்குகிறது என்று எண்ணுவது மனித இயல்பு. மேலும், எதிரே மத்தியதரைக் கடல் கிடக்கிறது. தமக்கே அப்பிளக்குகள் தேவைப்படலாம். ஆயினும் அவர் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி கிழக்கே பறந்தார். டாட்டா மேற்கே பறந்தார். மே 11-இல் ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். டாட்டா அப்போது இலண்டனை எட்டியிருக்கவில்லை. பரிசு ஆஸ்பிக்குச் சென்றது. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தார்; காலக்கெடு கடந்துவிட்டதால் பரிசு பெறவில்லை.

ஆஸ்பி வென்றதில் தமக்கு மகிழ்ச்சியே என்றும், அவ்வெற்றி அவர் விமானப்படையில் சேரத் துணைநின்றது என்றும் டாட்டா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது வெறும் உபசாரச் சொல்லன்று. அந்தப் பதினேழு வயது இளைஞர் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்று, 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தளபதியாகவும் விளங்கினார். ஒரு பாலைவனத் தளத்தில் கைமாறிய சில பிளக்குகள் எவ்வளவு தூரம் பறந்தன என்பது எண்ணத்தக்கது.

கொடுத்தவரும் குறைந்துவிடவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் காலை, கராச்சி துரிக் ரோடு தளத்திலிருந்து ஒரு பஸ் மாத் விமானத்தில் தபால் பையுடன் டாட்டா புறப்பட்டார். கடும் வெப்பமும் ஆட்டமும் நிறைந்த பயணம் அது. அகமதாபாதில் எரிபொருள் மாட்டுவண்டியில் தகரங்களாக வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாய் ஜுஹூவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலைப் பெற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இந்திய வான்வழிப் போக்குவரத்தின் வரலாறு அன்று தொடங்கியது என்பர். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1982 அக்டோபர் 15-இல், 78 வயதில், பழைய லெப்பர்ட் மாத் ஒன்றில் அதே வழியில் தனியே பறந்து காட்டினார். இளைஞர் மனத்தில் சிறிது நம்பிக்கை ஊட்டுவதே அதன் நோக்கம் என்றார்.

மற்றொரு விமானியையும் இங்கே குறிப்பிடுதல் தகும். அவர் எழுத்தாளரும் ஆவார். 'குட்டி இளவரசன்' என்ற பெயரில் 1981-இல் தமிழில் வெளிவந்த பிரெஞ்சு நூலின் ஆசிரியர் செந்த்-எக்சுபெரி. 1935 டிசம்பர் இறுதியில் பாரிசிலிருந்து சைகோனுக்கு விரைந்து பறந்து ஒரு பரிசை வெல்ல முயன்றார். லிபியப் பாலையில் இரவில் விமானம் தரையில் மோதிற்று. அவரும் துணைவர் பிரெவோவும் உயிர் தப்பினர், நீர் இல்லை. நாட்கணக்கில் நடந்து நாவறண்டு வீழும் நிலையில், ஒட்டகத்தோடு வந்த பெதுயின் ஒருவர் அவர்களுக்கு நீர் தந்தார். 1939-இல் வெளிவந்த நூலில் அம்மனிதரை எக்சுபெரி மறவாது போற்றினார். அவர் துரத்திய பரிசுத் தொகையை இன்று நினைப்பவர் சிலரே. அந்த நீரை வாசகர் மறக்கவில்லை.

அன்பர்களே, இலக்கிய உலகிலும் பரிசுகள் உண்டு. அவை வேண்டும். ஆகா கான் பரிசு இல்லையேல் அந்த மூவரும் அந்தக் கோடையில் பறந்திருக்கமாட்டார்கள். ஆனால் பரிசு ஒருவர் கைக்கே போகும். மற்றவர்களும் பறந்தவர்களே. பத்தாண்டுக் காலம் ஒரு சிற்றூரில் இலக்கிய வட்டம் நிலைத்திருக்கிறது என்றால், அதை நிலைநிறுத்தியவை பரிசுகள் அல்ல. வெளியூரில் வாங்கிய புத்தகத்தைத் தான் படிக்குமுன் நண்பனிடம் கொடுத்த கை, தளை தட்டும் இடத்தை அவையில் நகையாடாமல் தனியே அழைத்துச் சொன்ன வாய், தனக்கு வந்த கவியரங்க அழைப்பில் இளையவன் பெயரையும் சேர்க்கச் சொன்ன மனம், இவையே நிலைநிறுத்தின. ஒவ்வொரு கவிஞன் பையிலும் உபரியாக ஒரு பிளக் இருக்கிறது. அதைத் தன் அவசரத்திற்கென்று பூட்டி வைப்பதா, தரையில் நிற்கும் போட்டியாளனுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எல்லார்க்கும் ஒருநாள் வரும்.

பெருங்கடுங்கோவின் களிறு அக்கேள்விக்கு என்றோ விடை சொல்லிவிட்டது. அபூகீரில் ஓர் இளைஞர் அதே விடையைச் சொன்னார். அடுத்த பத்தாண்டிலும் கீழ்பென்னாத்தூர்க் கவிஞர்கள் அவ்விடையையே சொல்வார்களாக.