பழகாத நோயும் மீன்வளமும்

கடலிலும் ஆற்றிலும் மீன் குறைவதற்கு அளவுமீறிய மீன்பிடிப்பு, நீர் மாசு ஆகியவற்றோடு நோயும் ஒரு காரணம். ஆனால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. நோயுற்ற மீன் வேகம் குன்றி, பெரிய மீனுக்கோ பறவைக்கோ இரையாகிவிடும். செத்தவற்றில் பல அடியில் அமிழ்ந்துவிடும். ஒரு நோயை முன்பு சந்தித்தே இராத மீன்கூட்டத்தில்தான் சேதம் மிகுதி.

ஆஸ்திரேலியாவின் தென்கடலில் 1995 மார்ச்சில் மத்தி மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. தமிழ்நாட்டுக் கரையில் கிடைக்கும் சாளைக்கு உறவான இனம் அது. சாவு கிழக்கிலும் மேற்கிலும் பரவி, சில மாதங்களில் 5,000 கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரையைத் தொட்டது. ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று செவுள்களைத் தாக்கியதால் மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன. 1998இல் நோய் மீண்டும் வந்தபோது, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலக் கடலில் முட்டையிடும் பருவத்து மத்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு மடிந்தது. மத்தியைத் தின்று வாழும் உயிர்களும் தப்பவில்லை. 1995இல் விக்டோரியா கரையில் சிறு பென்குவின்கள் வழக்கத்தைவிட அதிகமாக இறந்தன. குஞ்சு பொரிப்பும் குறைந்தது. வளர்ப்புச் சூரைக்குத் தீனியாக இறக்குமதியான உறைய வைத்த மத்தியோடு வைரஸ் வந்திருக்கலாம் என்ற ஐயம் உண்டு, அது நிரூபிக்கப்படவில்லை. இளம் மீன்கள் பெரும்பாலும் தப்பியதாலும், மத்தி விரைவில் வளர்ந்து ஏராளமாக முட்டையிடுவதாலும், கூட்டம் சில ஆண்டுகளில் தேறியது.

நார்வே ஆறுகளின் சால்மனுக்கு அப்படித் தேற முடியவில்லை. 1970களில் ஸ்வீடனிலிருந்து வந்த சால்மன் குஞ்சுகளோடு, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒட்டுண்ணிப் புழுவும் வந்து சேர்ந்தது. பால்டிக் கடல் சால்மன் இந்தப் புழுவோடு நெடுங்காலம் வாழ்ந்து, அதைத் தாங்கப் பழகியது; நார்வே சால்மனுக்கு அந்தத் திறன் இல்லை. புழு தோலையும் துடுப்பையும் கொக்கியால் பற்றிக்கொண்டு மேய்கிறது. முட்டையிடாமல் குட்டி போடுவதால் மளமளவென்று பெருகுகிறது. அது புகுந்த ஆறுகள் சுமார் 50. அவற்றில் சால்மன் குஞ்சுகள் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

ஆற்றில் திரியும் மீனுக்கு மருந்து கொடுக்க வழியில்லை. ஆகவே ரோட்டினோன் என்னும் நஞ்சை நீரில் கலந்து, மீன்களைக் கொன்று, அவற்றோடு புழுவையும் ஒழித்தார்கள். பிறகு, அந்தந்த ஆற்றுச் சால்மனின் பாதுகாத்து வைத்த வழித்தோன்றல்களை மீண்டும் விட்டார்கள். பாதிக்கப்பட்ட ஆறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மீண்டன.

நோய் புகுந்தபின் செலவும் இழப்பும் இவ்வளவு என்பதால், புகாமல் தடுப்பதே முதல் வேலை. மீனையும் மீன்தீனியையும் நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லுமுன் சோதிப்பது அதில் ஒன்று. மீன்பிடிக் கருவிகளை வேறோர் ஆற்றில் இறக்குமுன் நன்றாக உலர்த்துவது இன்னொன்று. நார்வேயின் புழு ஈரம் வற்றினால் செத்துவிடும்.