வெயிலும் விழிநீரும்



நெய்வேலியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1956இல் தொடங்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கங்களில் பலர் கதிரவன்கீழ் உழைக்கின்றனர். அதே நகரியத்தில் அலுவலக அறையிலும் வீட்டினுள்ளும் பகல் முழுவதையும் கழிப்போரும் பலர். வெயில் மிகுந்த ஊரில் வாழ்தல் வேறு. வெயில் மேனியில் படுதல் வேறு. திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வும் இதனை உணர்த்திற்று. வயலில் உழைத்த சிற்றூராரைவிட நகரத்தாரிடம் வைட்டமின் டி குறைவாகவே இருந்தது.

விழிநீர் துயரத்தின் அடையாளம் மட்டும் அன்று. ஒவ்வோர் இமைப்பிலும் விழிமேல் பரவும் மெல்லிய காப்பு அது. விழியை ஒட்டிச் சளிப்பொருளும், அதன்மேல் நீரும், மேற்புறத்தே எண்ணெய்ப் படலமும் அமைந்துள்ளன. எண்ணெய் குறைந்தால் நீர் விரைந்து ஆவியாகும். நீர் குறைந்தால் கண் உறுத்தும், எரியும், சிவக்கும். அவ்வுறுத்தலாலேயே கண்ணீர் வடிவதும் உண்டு. ஆதலின், நீர் பெருகும் கண்ணில் வறட்சி ஏது என ஐயுற வேண்டா.

வைட்டமின் டி அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது. விழிமேற்பரப்பின் உயிரணுக்களில் அதனை ஏற்கும் அமைப்புகள் உள்ளன. அது குறைந்தோரிடம் கண்வறட்சி மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன; எனினும் அதுவே காரணம் என்று அறுதியிடப்படவில்லை. கைப்பேசி, மின்விசிறிக் காற்று, முதுமை, சில மருந்துகள் ஆகியனவும் வறட்சி தருவனவே. கீழிமையில் தாளிழை ஒன்றை வைத்து 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது எனக் காணும் எளிய சோதனை உண்டு. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைதல் இயல்பு. 5க்குக் குறைந்தால் கடும் வறட்சி. குருதியில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பது குறைபாடு.

இளங்காலை வெயிலே இதற்கு ஏற்றது என்பது பலர் நம்பிக்கை. உண்மையில், ஒருவரது நிழல் அவர்தம் உயரத்தினும் குறுகும் வேளையிலேயே வைட்டமின் டியை ஆக்கும் புறஊதாக் கதிர் போதிய அளவு தரையை எட்டும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். கை கால்களில் சிறிது நேரம் வெயில் படட்டும். கதிரவனை நேரே நோக்குதல் மட்டும் கூடாது.

மீனும் முட்டையும் காளானும் கொள்ளாத ஜைன இல்லங்களில் உணவுவழிக் கிடைப்பது மிகச் சிறிது. மருந்தாக விற்கப்படும் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோம மெழுகிலிருந்து ஆக்கப்படுகிறது. உறைமாத்திரையின் கூடு விலங்கின் எலும்பு, தோல் இவற்றாலான ஜெலட்டினாக இருக்கலாம். கல்பாசி இனத்திலிருந்து பெறும் டி3யும் உண்டு. ஆதலின் மருந்தைக் கைவிட வேண்டா. மருத்துவரிடம் தயங்காது கேட்டுத் தெளிக.

வாரம் ஒன்றென எழுதித்தரும் 60,000 அலகு மருந்தை நாள்தோறும் உண்பது பெருந்தீங்கு. அதனால் குருதியில் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும். அது கருவிழியிலும் படியக்கூடும்.

கண் உறுத்துகிறது என முதியோர் கூறின், வயதின் இயல்பென்று தள்ளாது கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் இல்லத்தார் கடன்.