குழந்தைகளின் நுண்குருதிக்குழல் அழற்சி: பெயரறிதலும் நோயறிதலும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவப் பொருளொன்றைப் பேச முன்வந்தது ஏன் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். நோயின் பெயர் தவறினால் அதற்குச் செய்யும் செயலும் தவறிவிடும் என்பதை ஒரு குழந்தையின் வழியாக அறிந்தோம். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

பீடோங்கை அடுத்த தோட்டமொன்றில் எம் உறவினர் வீட்டுச் சிறுவன் அப்போது முதலாமாண்டு மாணவன். சளி பிடித்துத் தெளிந்து பத்து நாள் கழிந்திருக்கும். இரு கால்களிலும் பிட்டத்திலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றின, கணுக்கால் வீங்கியது, வயிறு வலித்தது. பாட்டி ‘அம்மை’ என்றார். வேப்பிலை செருகிப் பேரனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டார் ‘டிங்கி’ என்றனர். பார்க்க வந்த ஒருவர், ‘பிள்ளையை யார் இப்படி அடித்தது?’ என்று கேட்டுவிட்டார். அன்று அத்தாய் அழுத அழுகையை நாம் மறக்கவில்லை. சொல்லப்பட்ட மூன்றும் தவறு.

மருத்துவர் சொன்ன பெயர் ‘ஹெனொக்–ஷோன்லைன் பர்ப்புரா’. புள்ளிகளோடு மூட்டுவலி சேர்ந்து வருவதை 1837இல் ஷோன்லைனும், வயிற்றுவலியும் உடன் வருவதை 1874இல் ஹெனொக்கும் எழுதினர். இருவரும் செருமானிய மருத்துவர்கள். ‘பர்ப்புரா’ என்பது இலத்தீனில் கருஞ்சிவப்பு நிறத்தைக் குறிக்கும் சொல். 2012இல் வல்லுநர் குழுவொன்று இந்நோய்க்கு ‘ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ்’ என்று பெயர் மாற்றியது. பழைய பெயர் கண்டவர்களைச் சொன்னது. புதிய பெயர் காரணத்தைச் சொல்கிறது.

அக்காரணத்தைத் தமிழிலேயே விளங்கிக்கொள்ளலாம். ‘அழல்’ என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்தது ‘அழற்சி’. சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பது அழற்சி. வீக்கம் அதன் ஒரு கூறு மட்டுமே. மலாய்மொழியில் இதனை ‘ராடாங்’ என்பர். குருதி ஓடும் குழல்களுக்கோ நம்மிடம் பெயர்கள் பல. தமிழகப் பாடநூல்கள் தமனி, சிரை என்பனவற்றை இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்னும். இந்நோய் தாக்குவது மிகச் சிறிய குழல்களை. ஆதலின் ‘நுண்குருதிக்குழல் அழற்சி’ என்போம்.

ஐஜிஏ என்பது தொண்டையையும் குடலையும் காக்கும் நோய் எதிர்ப்புப் புரதம். பெரும்பாலும் சளிக்காய்ச்சலுக்குப் பின், இப்புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து நுண்குழல்களின் சுவரில் படிகிறது. சுவர் அழன்று, குருதி வெளியே கசிகிறது. தோலில் கசிந்தால் புள்ளி. குடலில் அழற்சி வந்தால் வயிற்றுவலி. மூட்டில் வந்தால் வீக்கம். குருதி குழலைவிட்டு வெளியேறிவிட்டமையால், கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் புள்ளி மறையாது. டிங்கியில் குருதித் தட்டணுக்கள் குறையும். இந்நோயில் அவை குறைவதில்லை. எனினும் இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. அழுத்தினால் மறையாத புள்ளி எதுவாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டல் வேண்டும். அதனோடு காய்ச்சலும் சோர்வும் இருந்தாலோ, கடும் வயிற்றுவலியும் மலத்தில் குருதியும் கண்டாலோ, ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க.

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் நலமடைகின்றனர். அச்சம் சிறுநீரகத்தைப் பற்றியது. ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குச் சிறுநீரக நுண்குழல்களும் அழல்கின்றன. அதில் வலி இராது. பெரும்பாலும் வெளியே அடையாளமும் இராது. சிறுநீரில் புரதமோ குருதியோ கலந்திருப்பதைச் சோதனையே காட்டும். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திற்குள் இது தெரிந்துவிடும். முதற்சோதனை தெளிவாக இருப்பினும் அதுவரை சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனாலேயே.

நம் சிறுவனின் கதை இங்குதான் இடறியது. நான்கு வாரத்தில் புள்ளிகள் மறைந்தன. பெற்றோர் இருவரும் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர்கள். பிள்ளை பாட்டியின் பொறுப்பு. சோதனைக்கு வரவேண்டிய நாள்களைக் குறித்த அட்டை மலாயில் இருந்தது. ‘புள்ளி போயிருச்சு, நோயும் போயிருச்சு’ என்று பாட்டி அதனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். இரு தவணைகள் தவறின. மூன்றாம் மாதம், பையன் சோர்ந்திருப்பதைக் கண்டு வீட்டுக்கு வந்த வகுப்பாசிரியை அவ்வட்டையைக் கேட்டு வாங்கிப் படித்து, அதன் பொருளைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னார். மறுநாள் சோதனையில் புரதமும் குருதியும் இருந்தன. மருத்துவம் உடனே தொடங்கியது. சிறுவன் தேறினான், இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான்.

ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் இருந்தார். நம் மொழியில் சொல்லி அனுப்புவார். தோட்டங்கள் கலைந்து, மக்கள் பட்டணம் சேர்ந்தபின் அவ்விடம் வெறுமையாகிவிட்டது. தமிழால் இது இயலாது என்பார்க்கு ஒன்று சொல்வோம்: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார்.

ஆசிரியர்களே, மாணவர்களே, நாம் கேட்பது பெரிதன்று. மருத்துவமனை அட்டையோடு ஒரு வீட்டைக் கண்டால், அதன் பின்புறத்தில் பாட்டிக்குப் புரியும் தமிழில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள். இந்நோயாயின் அவ்வரி இது: ‘புள்ளி மறைந்தாலும் ஆறு மாதம் சிறுநீர் பார்க்க வேண்டும்.’ பாட்டிக்கு எழுத்துத் தெரியாதெனில் படித்துக் காட்டுங்கள்.