கிணற்று நீரும் நம் கடமையும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குக்குரு நிகழ்த்திய உரை)



யூபிலி என்றதும் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதும், தேரைப் புதுப்பிப்பதும் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு நம் கிணறுகளையும் நினைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது, சாமி, அதற்கென்ன குறை?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கண்ணுக்குத் தெளிவாயிருப்பது வேறு, குடிக்கத் தகுந்ததாயிருப்பது வேறு. லண்டன் மாநகரில் பிராட் தெருக் கைபம்பின் தண்ணீரை மக்கள் நல்ல நீரென்றே விரும்பிக் குடித்தார்கள். 1854-ஆம் ஆண்டு காலராவைப் பரப்பியது அந்நீரே என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டிய பிறகு, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

கிணற்று நீர் முக்கியமாக இருவகையில் கெடுகிறது. முதலாவது, மலக்கிருமிகள். கழிப்பிடமும் மாட்டுத் தொழுவமும் கிணற்றை ஒட்டியிருந்தால், அல்லது சுற்றுச்சுவர் இடிந்திருந்தால், மழைநீர் அழுக்கோடு உள்ளே இறங்கும். மலையடிவாரத்து ஊற்றும் இதற்கு விலக்கல்ல. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழ நீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் இரவில் கிணற்றுக்குள் விட்டுக் கலக்குங்கள், காலையில் இறையுங்கள்.

இரண்டாவது, பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மிகுந்தால் பிள்ளைகளின் பற்கள் கறைபடும். பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலேயே இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களை இதிலிருந்து காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ருசியிலும் தெரியாது. பரிசோதனை ஒன்றே வழி.

ஆகையால் என் வேண்டுகோள் இதுவே: யூபிலிச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, எல்லாத் தெருக் கிணறுகளின் நீரையும் பரிசோதனைக்கு அனுப்புவோம். கோயிலை ஒட்டிய தெருவிலிருந்து அல்ல, ஊர்க்கோடித் தெருவிலிருந்து தொடங்குவோம். கேட்பாரற்றுக் கிடப்பது அந்தக் கிணறே. வயிற்றுப்போக்கில் போன குழந்தையின் சிறு பெட்டிக்கு முன் நின்று மன்றாடுவதைவிட, அதன் வீட்டுக் குடத்தில் நல்ல தண்ணீர் இருக்கச் செய்வது மேல்.

ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.