தீவகத்தின் கிணறும் நமது கடமையும்
(தீவகக் கமக்காரர் மத்தியில் ஆற்றிய உரை)



ஆறில்லாத மண்ணிலே பிறந்தவர்கள் நாம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்கள் யாவற்றுக்கும் நன்னீர் தருவது வானம் ஒன்றே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை நிலத்தினுட் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. அப்படையே நமது கிணறு. அதுவே நமது வாழ்வு.

இதன் கணக்கை ஒல்லாந்து நாட்டுக் கைபனும் ஜெர்மனி நாட்டு ஹெர்ஸ்பேர்க்கும் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலேயுள்ள அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால், அக்கணக்கின்படி உவர் 40 அடி மேலெழும்.

நம் பாட்டன்மார் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தனர். இறைப்பவர் களைத்து நின்ற வேளையிலே கிணறு ஊறியது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆகவே கிணற்றுக்கும் ஓய்வில்லை. இறைத்த நீரிலும் ஒரு பகுதி மண் வாய்க்காலிலேயே ஊறி, வெங்காயப் பாத்தியை அடையுமுன் மறைகின்றது. அக்குறையை நிரப்ப மேலும் இறைக்கின்றோம். உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீராக எத்தனை மாரி பெய்ய வேண்டுமோ!

துலாவுக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. விரைந்து இறைப்பதே நவீனம் என்னும் எண்ணத்தையே மறுக்கின்றோம். குறைந்த நீரில் நிறைந்த விளைவு காண்பதே நவீனம். இஸ்ரேலின் வறண்ட தெற்கிலே ஹற்சரிம் என்னும் கூட்டுப்பண்ணை 1965இல் சொட்டுநீர்க் குழாய்த் தொழிலைத் தொடங்கியது. அளந்த நீரை வேரடியிலே விடும் அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் தோட்டத்துக்கு மட்டும் அது ஆகாதோ?

வெளியிலிருந்து ஆறு வரும் என்று காத்திருத்தலும் பயனற்றது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் குடாநாட்டின் கடனீரேரிகளை நன்னீராக்க எண்ணியது. அதுவே இன்னும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெற்றாலும் அந்நீர் கடல் தாண்டி நெடுந்தீவுக்கு வாராது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. மண் வாய்க்காலை நீக்கிக் குழாய் இடுவோம். ஒரே மூச்சில் இறையாது, கிணறு ஊற இடைவெளி விட்டு இறைப்போம். குளங்களையும் கேணிகளையும் மாரிக்கு முன்னரே தூர்வாருவோம். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியமும், கிணறுகளின் உவரை அளந்து ஊர்தோறும் அறிவிக்கும் ஒழுங்கும் வேண்டுமென அரசினரைக் கேட்போம். கேட்பது நமது உரிமை.

ஆனால், அரசு வரும்வரை கிணறு காத்திராது. அயலவர் கிணறும் நமது கிணறும் தரையின் மேல் இரண்டு. நிலத்தின் கீழே ஒன்றே. ஒருவர் மிகையாக இறைத்தால் ஊரே உவர்நீர் குடிக்கும். ஊர் கூடி அளவு வகுப்போம். வகுத்த அளவைக் காப்போம். நம் பிள்ளைகள் இம்மண்ணை விட்டுப் போகாதிருக்க வழி இதுவே.